தவளைகளுக்கு நான் வைத்த விருந்து

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கப்புறம் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். ராசிங்காபுரத்தில் மூன்று பேர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துத் தண்ணீர் இல்லை என்று கைவிட்டுப் போன நிலத்தில் கிணறு வெட்டி ஊற்றுக் கண்டேன். தேவாரத்துப் பக்கம் யானை மிதித்துப் போட்ட தென்னந்தோப்பை இரண்டு தடவை மறுபடியும் வைத்தேன், மூன்றாம் தடவை யானைக்கே அலுத்துப் போனது. போடிமெட்டைத் தாண்டி, ஈத்தை மூங்கிலும் பாறையுமாகக் கிடந்த ஒரு சரிவை ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம் ஆக்கினேன். அதற்கு ஜீப்பு ஏறுகிற பாதையை நானும் என் மனைவியும் கடப்பாரை கொண்டு வெட்டினோம். ஓடையில் தடுப்பணை, காய் உலர்த்த ஸ்டோர், வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஓடு பதித்த கழிப்பறை. கழிப்பறையைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார். அடுத்த வருடம் அவரும் கட்டினார். போடியில் மாடி வீடு தனிக்கதை.

இவ்வளவோடு, தவளையின் பல்லுக்கும் அது தின்கிற இரைக்கும் என்ன உறவு என்று சொல்கிற ஒரு ஆராய்ச்சி. கடைசியாகச் சொன்னதற்கு நீங்கள் சிரிக்கலாம். கிணற்றுக்கும் சிரித்தார்கள்.

அது தொடங்கியது ஆவணி மாதத்தில் ஒரு காலை. ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியும் என் ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். ஒரு வளைவில் ரோட்டின் நடுவே ஒரு பெண்மணி குத்த வைத்து உட்கார்ந்து, தோசைக் கரண்டியால் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல சேலை, அதன் மேல் மழைக்கோட்டு. பிரேக்கைப் போட்டு எட்டிப் பார்த்தேன்.

"என்ன ஆத்தா, நகை கிகை விழுந்திருச்சா?"

"இல்லைங்கய்யா, தவளை."

"தவளை விழுந்திருச்சா?"

"ராத்திரி லாரியில அடிபட்டிருக்கு. இதோட மண்டையோடு வேணும்."

மண்டையோடு என்றதும் பின்னால் இருந்த பெண்கள், மந்திரவாதியோ என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு நிமிடம் ரிவர்ஸ் போட நினைத்தேன். ஆனால் என் கொழுந்தியா, அதாவது என் மனைவியின் தங்கை, தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைமை, பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மச்சான், அந்தம்மா கையில இருக்கிறது எங்க வீட்டுக் கரண்டி மாதிரியே இருக்கு. மந்திரவாதின்னா கத்தி வச்சிருப்பாக. ஏத்திக்கிட்டு வாங்க, நனையிறாக பாவம்."

ஏற்றிக்கொண்டோம். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவராம். தற்காலிக வேலை. டாக்டர் பட்டத்துக்காகத் தவளைகளை ஆராய்கிறார். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் அவருக்குத் 'தவளை டீச்சர்' என்று பெயர். வழியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, பஞ்சில் வைத்திருந்த ஒரு வெள்ளை எலும்பைக் காட்டினார். கட்டைவிரல் நகம் இரண்டைச் சேர்த்து வைத்த அகலம்.

"அய்யா, தவளைக்குப் பல்லு உண்டுன்னு நினைக்கிறீங்களா?"

"தவளைக்குப் பல்லா? அறுபது வருசமா தவளையோடதான் சகவாசம். அது பொக்கை வாய்."

"நகத்தை இந்த மேல்தாடை ஓரத்துல வச்சு மெல்ல இழுங்க."

இழுத்தேன். புதிதாய் வாங்கின இரும்பு அறுக்கும் பிளேடில் நகம் வைத்தால் கிர்ரென்று ஒரு கூச்சம் வருமே, அதே கூச்சம். மேல்தாடை ஓரம் முழுக்க மணலைவிடச் சன்னமாகப் பல், வரிசை பிசகாமல். அண்ணத்திலும் இரண்டு குட்டிக் கூட்டம். கீழ்த்தாடையில் ஒன்றும் இல்லை. பல் தேயத் தேயப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்குமாம். பல்செட் கட்டியிருக்கிற நான் அந்த எலும்பைப் பார்த்துக் கும்பிடாத குறை.

பிறகு இன்னொரு எலும்பைக் கொடுத்தார். அது சொறித்தவளையுடையது. நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பல் கிடையாது.

அவருடைய கேள்வி இதுதான். பல் இல்லாத சொறித்தவளையும், மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற சின்னவாய்த் தவளையும் எறும்பு, கறையான் என்று பொடி இரையைத் தின்கின்றன என்கிறார்கள். பல் உள்ளவை பெரிய, உதைக்கிற இரையைப் பிடிக்கின்றன என்கிறார்கள். இந்த மலையில், ஒரே தோட்டத்தில், ஒரே மழையில் வாழ்கிற தவளைகளிடமும் அது உண்மையா? அதை அறிய ஒரே தவளையின் வாயையும் வயிற்றையும் பார்க்க வேண்டும்.

"வயித்தைக் கிழிச்சா?" என்று கேட்டாள் கொழுந்தியா.

"ஐயையோ, கிழிக்க மாட்டேன்க்கா. சன்னமான குழாய்ல கொஞ்சம் தண்ணி விட்டா, தின்னதைக் கக்கிரும். பார்த்து எழுதிக்கிட்டு, பிடிச்ச இடத்துலயே விட்ருவேன். அனுமதிக் கடிதம் வச்சிருக்கேன்."

"அப்ப என் தோட்டத்துக்கு வாங்க," என்றேன். "இந்த மலையில என் தோட்டம் மாதிரி தவளை எங்கயும் கெடையாது." அது பெருமைக்குச் சொன்னதில்லை. மருந்தடிப்பதை நான் பாதியாகக் குறைத்து வருடங்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் என் ஓடைப்பக்கம் நின்றால் பேசுகிறவன் கத்தித்தான் பேச வேண்டும்.

ஸ்டோரை ஒட்டிச் சாக்கு அடுக்குகிற அறையை ஒழித்துக் கொடுத்தேன். கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கினார். அப்போதுதான் அவர் நிலைமை தெரிந்தது. பட்டத்துக்குப் பதிவு செய்து வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளைப்பேறு, மாமியார் படுக்கை, கொரோனா என்று தள்ளிப் போய், கடைசி முறையாக நாள் நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் ஆய்வை எழுதிக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்தத் தற்காலிக வேலையும் இல்லை. இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. கறையான் காலை லென்ஸில் பார்த்துக்கொண்டே, ஊர் விவகாரம் சொல்வதுபோல் சொன்னார்.

அவர் வேலை செய்கிற அழகை நான் சொல்லியாக வேண்டும். தவளையைக் கையில் எடுத்தால் அது துள்ளாது. கட்டைவிரலை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, பிறந்த குழந்தையின் தலையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார். தீக்குச்சி நுனியைச் சீவி, அதால் வாயைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பிறகு தண்ணீர். கக்கியது வெள்ளைத் தட்டில் விழும். ஒரு எறும்புத் தலை, வண்டின் அரை இறக்கை, சிலந்தியின் ஏழு கால். எட்டாவது காலைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சொறித்தவளையைத் தொட்டால் உடனே கையைக் கழுவுவார், அதன் தோலில் விஷப்பால் உண்டு. பொறுமையில் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். காய்க்காத மூன்று வருடமும் ஏல நாற்றைக் காத்து நின்றவன் நான். அவரிடம் நான் தோற்றேன். இந்த வரியை என் வாயால் நான் வேறு யாருக்கும் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் மெதுவாக, ஆனால் நன்றாகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் தடுப்பணைப் பாறையில் பாசி வழுக்கி டீச்சர் விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எலும்பு விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்றார்கள். அதுவரை அவர் தானாகப் பிடித்துப் பார்த்த தவளைகளை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

"இதுக்கு எதுக்குக் கலங்குறீக?" என்றாள் கொழுந்தியா. "காய் எடுக்கையில நாங்க தூருக்குத் தூரு உக்காந்துதான நகர்றோம்? சருகை ஒதுக்குனா தவளைதான். நாங்க பிடிச்சுக் கொண்டாறோம். நீங்க கட்டில்ல இருந்தே வாயைப் பாருங்க."

அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு தவளையும் தனித்தனி ஈரத்துணிப் பை. எந்த ஏலச்செடித் தூரில் பிடித்தது என்று சீட்டு. எழுதத் தெரிந்த பெண்கள் எழுதினார்கள். காலை எட்டு மணிக்குப் பிடித்தவை, எடுப்பு முடிந்து மூன்றரை மணிக்கு டீச்சர் கட்டிலுக்குப் போய்ச் சேரும்.

முதல் நாள் அத்தனையும் வெறும் வயிறு. பையில் இருந்த நேரத்தில் தின்றதெல்லாம் செரித்துவிட்டது. டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் காலி வயித்தோட வந்திருக்கே அய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மாட்டை விற்றால்கூடக் கயிற்றை அப்படியே கையில் கொடுத்துவிட மாட்டோம். வைக்கோல் போட்டு, தண்ணீர் காட்டி, வயிறு நிறைந்த பிறகுதான் கயிற்றை மாற்றுவோம். பசித்த உயிரை வாசல் தாண்டி அனுப்பினால், அதை வாங்குகிறவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்? என் தோட்டத்துத் தவளை, படித்தவர் ஒருவர் கைக்குப் போகிறது, பட்டினியாகப் போகிறது! அன்று சாயங்காலமே கொழுந்தியாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாளையில இருந்து தவளையைக் குடுக்கிறதுக்கு முந்தி ஏதாச்சும் தின்னக் குடு."

"தவளைக்கு என்னத்தக் குடுக்கிறது? இட்லியா?"

"நீ பாத்துக் குடேன். கறையான் இல்லையா? அந்தப் பட்டுப்போன கல்யாண முருங்கை மரத்தடியைப் பிரிச்சா படி படியா வரும்."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை?"

"எதுக்கு? விருந்தாளிகிட்ட இன்னைக்கு உங்களுக்குக் கறிச்சோறுன்னு சொல்லிட்டா ஆக்குறோம்?"

தவளை செத்த பூச்சியைத் தொடாது, அசைந்தால்தான் அதற்கு இரை. அதை அந்தப் பெண்கள் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். விளக்குமாற்று ஈர்க்கு நுனியில் உயிரோடு கறையானை ஒட்டி, தவளை முன்னால் ஆட்டுவார்கள். லபக். அடுத்து. லபக். பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோல, "இன்னும் ஒரு வாய், டீச்சர் வந்திருக்காக, இன்னும் ஒரு வாய்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினார்கள். காய் எடுப்பு கொஞ்சம் குறைந்தது. நான் பொறுத்துக்கொண்டேன்.

டீச்சருக்கு மறுநாள் முகம் மலர்ந்தது. எல்லா வயிறும் நிறைந்திருந்தன. நான் வெளியே மூங்கில் தட்டியில் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினேன். பதினோரு நாள் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் டீச்சர், தவளை பிடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் நோட்டுகள் பரப்பிக் கிடந்தன.

"அய்யா, என் கேள்வியே தப்பு போல."

"என்ன ஆச்சு?"

"பல்லு இல்லாதது கறையான் தின்னுது, சரி. பல்லு இருக்கிறதும் கறையான்தான். மரத்துல ஏர்றதும் கறையான், ஓடையில கிடக்கிறதும் கறையான். ஒரு வித்தியாசமும் இல்ல. பல்லுக்கும் இரைக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆகுது. எங்க பேராசிரியர்கிட்ட போன்ல சொன்னேன். தலைப்பை மாத்த இனி நேரமில்ல, திங்கக்கிழமை யோசிச்சுச் சொல்லு, முடியலன்னா விலகிக்கோன்னுட்டார்."

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. இவ்வளவு கட்டியவன், ஒரு பெண்ணின் ஆறேழு வருட உழைப்பைக் கறையான் போட்டுக் கெடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒருவேளை தவளைகள் உண்மையிலேயே கறையான்தான் தின்னுமோ, நாம் போட்டது சும்மா கூடுதலோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தடுப்பணையில் மதகைப் பார்க்கப் போனேன். அங்கே பெரிய பச்சைத் தவளை ஒன்று உண்டு, உள்ளங்கை அகலம். என் கண் முன்னால் அது பாய்ந்து ஒரு நண்டைக் கவ்வியது. நண்டு லேசுப்பட்டதா? எட்டுக் காலாலும் உதைக்கிறது, கொடுக்கால் தவளையின் உதட்டைப் பற்றி இழுக்கிறது. தவளை விடவில்லை. மெல்லவும் இல்லை. பிடித்த பிடியில் அப்படியே நிற்கிறது. பிறகு கண் இரண்டையும் மூடியது. இரண்டு கண்ணும் மண்டைக்குள் இறங்கின, உள்ளே இருந்து யாரோ இழுத்த மாதிரி. கண்ணாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது! இரண்டு தடவை இறக்கி ஏற்றியது, நண்டு போய்விட்டது. கையைக் கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. என்ன வடிவம், என்ன கணக்கு! இதைச் செய்தவன் யாராக இருந்தாலும் என்னைவிடப் பெரிய மேஸ்திரி.

நண்டைத் தின்கிற இந்தச் சாதி, டீச்சர் நோட்டில் கறையான் என்று பதிவாகியிருக்கிறது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. நேராக ஸ்டோருக்குப் போனேன். கொழுந்தியா வாசலில் காய் புடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"சொல்லப் போறீகளா, இல்ல நான் சொல்லட்டா? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"நான்தான சொன்னேன்? நானே சொல்றேன்."

"வெரசாப் போங்க. நாளைக்குத் திங்கக்கிழமை."

டீச்சர் முன்னால் நின்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதிலிருந்து ஆரம்பித்து ஈர்க்கு வரைக்கும் சொன்னேன். முடித்த பிறகு டீச்சர் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளு."

பென்சிலை எடுத்து, பதினோரு நாள் பக்கங்களின் மேலும் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்து, நேராக. ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கவில்லை. கடைசிக் கோடு இழுத்து முடித்ததும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிசைந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"எங்க அப்பா ஆட்டுக்குட்டியை விக்கையில புண்ணாக்குத் தண்ணி வச்சு, அது குடிக்கிற வரைக்கும் வியாபாரியை நிக்க வைப்பார். நானாச்சும் யோசிச்சிருக்கணும். எனக்குக் கோவமே வர மாட்டேங்குது அய்யா, அதான் கஷ்டமா இருக்கு."

"இன்னும் எத்தனை நாளு இருக்கு டீச்சர்?"

"எழுதுற நாளைக் கழிச்சா, பத்தொம்போது."

பத்தொன்பது நாளில் பாதை வெட்டியவன் நான். யோசனை சொன்னேன். தவளை கட்டிலுக்கு வருவதால்தானே வயிறு காலியாகிறது? கட்டில் தவளையிடம் போகட்டும். ஸ்டோரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினேன், கோயில் சப்பரம் மாதிரி. மழைக்குத் தார்ப்பாய்க் கூரை. திங்கட்கிழமை காலை, விலகவில்லை என்று பேராசிரியரிடம் போனில் சொல்லி முடித்த டீச்சரை அதில் உட்கார வைத்து, பெண்கள் காய் எடுக்கிற வரிசைக்குப் பின்னாலேயே நகர்த்தினோம். சருகுக்குள் தவளை கண்டால் ஒரு குரல். நாற்காலி அங்கே போகும். பிடித்த கையோடு வாய், வயிறு, நோட்டு, மறுபடி அதே தூரில் விடுதல். தண்ணீர்க் கேன் என் தோளில். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஓடைப்பக்கம் ஒரு சுற்று.

"டீச்சர், சாமி பொறப்பாட்டுக்குக்கூட இத்தனை ஆளு வராது," என்பாள் கொழுந்தியா. "மச்சான், தண்ணியைச் சிந்தாம வாங்க. ஜீப்பு ஓட்டுற மாதிரி ஓட்டாதீக."

வெள்ளைத் தட்டு பேச ஆரம்பித்தது. சொறித்தவளை: எறும்பு, எறும்பு, குட்டி வண்டு, எறும்பு. புதையும் சின்னவாய்த் தவளை: கறையான், எறும்பு. இலை மேல் இருக்கிற குட்டித் தவளை, சன்னப் பல் உள்ளது: பாச்சை, சிலந்தி. ஓடைத் தவளை: வெட்டுக்கிளி, பூரான். பச்சைப் பெரியவன்: நண்டுக் கால், ஒருநாள் ஒரு சின்னத் தவளையே முழுசாக. ஒவ்வொன்றையும் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் இடித்தது. ஸ்டோர் விளக்கடியில் வாழ்கிற கிழட்டுச் சொறித்தவளை, பல்லே இல்லாதது, கட்டைவிரல் தடிமனில் ஒரு காண்டாமிருக வண்டைக் கக்கியது. டீச்சர் பேனாவை வைத்துவிட்டார்.

"இது கணக்கைக் கெடுக்குதே. பல்லு இல்லாம இவ்வளவு பெருசை எப்படி?"

நான் தண்ணீர்க் கேனை இறக்கி வைத்தேன். தடுப்பணையில் பார்த்தது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், நீங்க பல்லுன்னதும் கடிக்கிறதை நினைக்கிறீக. அந்தப் பச்சையன் நண்டைக் கடிக்கல, மெல்லல. நழுவ விடாமப் பிடிச்சான், அவ்வளவுதான். மலை ரோட்டு ஜீப்புக்குப் பட்டன் டயர் எதுக்குப் போடுறோம்? சேத்தைக் கடிச்சுத் திங்கவா? வழுக்காம இருக்க. தார் ரோட்டுல வழுக்கை டயரே போதும், எவ்வளவு லோடு ஏத்துனாலும் போகும். இந்த வண்டு பெருசுதான், ஆனா மந்தம். உதைக்காது, வழுக்காது. நாக்குல ஒட்டுனா வந்துரும். நண்டு, தவளை, வெட்டுக்கிளி இதெல்லாம் சேறு. இரை எத்தாம்பெருசுன்னு பாக்காதீக. எவ்வளவு உதைக்குதுன்னு பாருங்க."

டீச்சர் நோட்டின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதுவரை எடுத்த இரையெல்லாம் மறுபடி அடுக்கப்பட்டது: நழுவுவது, உதைப்பது, சும்மா கிடப்பது. அடுக்கி முடிக்க ஒரு பகல் ஆயிற்று. கிழட்டுச் சொறித்தவளை தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்கு நேரானது.

"அய்யா," என்றார், "இதை நான் புத்தகத்துல தேடிக்கிட்டிருந்தேன்."

கார்த்திகை முடிய நான்கு நாள் இருக்கும்போது எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டம் கிடைத்தது. வேலையும் நிலைத்தது. கொழுந்தியா தன் கைக்காசில் தோட்டம் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

சென்ற மாதம் டீச்சர், இப்போது டாக்டர், பச்சை அட்டை போட்ட அந்த ஆய்வைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முழுக்க இங்கிலீஷ். தமிழில் சொல்லிச் சொல்லி அவரே வாசித்துக் காட்டினார். ஸ்டோர் வாசலில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். முன்பக்கத்தில், 'ஏலத்தோட்ட உரிமையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நன்றி.' நடுவில், 'தவளையின் பல், சேற்றுப் பாதையில் ஏறும் வண்டியின் டயர்ப் பட்டனைப் போல, நழுவும் இரையைப் பற்றுகிறது.' யார் சொன்னது என்று இல்லை. அதையும் தாங்கிக்கொண்டேன். அதற்குச் சில பக்கம் முன்னால் ஒரு வரி. 'உள்ளூர்த் தொழிலாளர்கள் தவறுதலாக இரை ஊட்டிவிட்டதால் பதினொரு நாள் பதிவுகள் நீக்கப்பட்டன.'

கொழுந்தியா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அந்த வரியைப் பேராசிரியர் திருத்தினார் அய்யா," என்றார் டீச்சர். "ஆராய்ச்சியில ஆள் பேர் சொல்லி எழுதக்கூடாதுன்னுட்டார். நான் கவனிச்சிருக்கணும்." அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உடைந்த காலோடு நாற்காலியில் ஆடி ஆடி அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நான் சாட்சி.

ஆனால் அந்த ஆய்வைத் தமிழில் புத்தகமாகப் போடுகிறார்களாம். அச்சுக்குப் போகும் முன்னால் அதைப் போடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்ன, கட்டாயமாகச் சொல்கிறேன். 'உள்ளூர்த் தொழிலாளர்கள் தவறுதலாக' என்ற சொற்களை அடித்துவிடுங்கள். அவர்கள் தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தார்கள். அதையும் விளக்குமாற்று ஈர்க்கில் கறையானை ஒட்டி, படித்தவர்களுக்குத் தெரியாத ஒரு வித்தையாகச் செய்தார்கள். 'தோட்டக்காரர் உத்தரவிட்டதால்' என்று மாற்றி, அங்கே என் பெயரைப் போடுங்கள். டயர் வரிக்குக் கீழேயும் என் பெயரைப் போடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் போடுவதாக இருந்தால், முதலில் சொன்னதைப் போடுங்கள். இரண்டையும் போடுவதுதான் நியாயம்.